நன்னன் மலைநாட்டில் புள்ளும் புள்ளறிவும்: போளூர் வட்டாரத்தை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

போளூர், கலசபாக்கம், செங்கம் பகுதிகளையும் அவற்றுக்கு மேற்கே உயரும் சவ்வாது மலையையும் உள்ளடக்கிய நிலம் பழந்தமிழில் நன்னன் நாடு எனப் பெயர் பெற்றது. இந்நிலத்தைப் பாடும் மலைபடுகடாம், காட்டுப் பறவைகளின் அழகையும் இயல்பையும் அறிந்தோர் யாவர், அவ்வறிவு எதனின்று பிறந்தது என்பதற்குச் சான்று தருகின்றது. பறவையைக் கண்டு மகிழ்தல் ஓய்வு பெற்றோரின் பொழுதுபோக்காகத் தோன்றியது என்னும் பொதுக்கருத்து இம்மலைநாட்டளவில் பொருந்தாது. வழிநடப்போர், புனங்காப்போர், கண்ணி வைப்போர், ஏரிப்பாசனம் செய்வோர் ஆகியோரின் தொழிலறிவோடு பிணைந்தே அது வளர்ந்தது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கின்றது.

திறவுச்சொற்கள்: மலைபடுகடாம், நன்னன், நவிரமலை, மஞ்ஞை, கானக்கோழி, புள், சவ்வாது மலை, வேடந்தாங்கல்

நிலமும் நூலும்

பத்துப்பாட்டுள் இறுதியாக வைக்கப்பெற்ற மலைபடுகடாம் 583 அடிகளால் ஆயது. பாடியவர் இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார். பாட்டுடைத் தலைவன் பல்குன்றக் கோட்டத்துச் செங்கண்மாத்து வேள் நன்னன்சேய் நன்னன். செங்கண்மா இன்றைய செங்கம். நூல் பேசும் சேயாறு சவ்வாது மலையில் தோன்றிச் செங்கம், கலசபாக்கம் வழியே ஓடிப் பாலாற்றில் கலக்கும் செய்யாறு. நவிரமலையைப் போளூருக்குத் தென்மேற்கே நிற்கும் பருவதமலையாகக் கொள்வது ஆய்வாளரிடையே பெருவழக்கு. 1889இல் உ.வே.சாமிநாதையர் பத்துப்பாட்டினை நச்சினார்க்கினியர் உரையுடன் பதிப்பித்த பின்னரே இந்நிலக்குறிப்புகள் வரலாற்றாய்வுக்கு உரியவை ஆயின.

நவிரம் என்னும் சொல்லுக்கு நிகண்டுகள் மயில் என்றும் ஒரு பொருள் தருகின்றன. இதனைக் கொண்டு நவிரமலையை மயில்மலை என்று துணிந்துவிடுதல் எளிது. ஆயினும் உச்சி, தலை முதலான பிற பொருள்களும் அச்சொல்லுக்கு உண்டு. மலையின் பெயருக்கு அவையே நெருக்கமாக அமைகின்றன. எனவே பெயரை விடுத்து, நூலினுள் பறவைகள் வரும் இடங்களைக் காண்பதே தக்கது.

இந்நூலைக் கூத்தராற்றுப்படை என்றும் வழங்குவர். பரிசில் பெற்று மீளும் கூத்தர் தலைவன், எதிர்ப்படும் வறிய கூத்தர்க்கு நன்னனிடம் செல்லும் வழியைச் சொல்லுகின்றான். பிற ஆற்றுப்படைகளினும் இதில் வழியின் இடர்கள் மிகுதியாகப் பேசப்படுகின்றன. பன்றிக்கு வைத்த பொறி, புனங்காவலர் விடும் கவண்கல், வழுக்கும் பாறை, புதருள் மறைந்த குழி என ஒவ்வொன்றும் அறிந்தவன் வாயால் அறிவுறுத்தப்படுகின்றது. நூலிற்குப் பெயர் தந்த பகுதியும் மலையில் எழும் பல்வேறு ஓசைகளைத் தொகுத்துச் சொல்வதே. கண்ணால் காண்பதற்கு முன் செவியால் அறியப்படும் மலை இது. பறவைகளும் இத்தகைய நடையாளன் அறிவின் ஒரு பகுதியாகவே நூலுள் நுழைகின்றன.

புள்: நிமித்தமும் செவியறிவும்

வழி கூறுவோன் தொடக்கத்திலேயே, தன்னைச் சந்திக்க நேர்ந்தமையால் எதிர்வந்தோர் நல்ல புள் வாய்க்கப் பெற்றவர் என்கின்றான். ‘புள்’ என்பது பறவையையும் நிமித்தத்தையும் ஒருங்கே குறித்த சொல். பின்னர், இரவு தங்கிய இடத்தினின்று புறப்படும்போது வைகறையில் புள்ளின் குரலை உற்றுக்கேட்டுச் செல்லுமாறு பணிக்கின்றான். இவ்விரு குறிப்புகளும் நம்பிக்கை சார்ந்தவை என்று மட்டும் உரைத்து அமைவது உரையாசிரியர் மரபு. ஆயினும் வரலாற்று நோக்கில் மற்றொன்றும் எண்ணத்தக்கது. நிமித்தம் பார்ப்பவன் முதலில் பறவையை இனம் காணவேண்டும். அது எத்திசையில், எப்பொழுதில், எவ்வாறு ஒலித்தது என்பதை அறியவேண்டும். வழக்கமான குரலினின்று வேறுபட்ட குரலைப் பிரித்துணரவேண்டும். வழக்கத்தை அறியாதவனுக்கு நிமித்தம் இல்லை. ஆகவே புள் ஓர்தல் என்னும் நம்பிக்கைக்கு அடியில், நாள்தோறும் புதுப்பிக்கப்பட்ட செவிப்பயிற்சி ஒன்று இருந்தமை உறுதி.

மலையடுக்கத்தில் குடிஞை மாறிமாறி ஒலிப்பதும் இந்நூலில் பதிவாகியுள்ளது. ஓர் ஆந்தை அலற, மற்றொன்று மறுமொழி தருவதுபோல் அலறுவது இரவாடிப் பறவைகளின் இணைவாழ்வில் காணப்படும் உண்மையான இயல்பு. நூல் இதனை அச்சக்குறியாக விரிக்காமல் மலையின் இயற்கையாகவே சொல்லிக் கடந்து செல்கின்றது.

மயிலைக் காணாதே என்ற அறிவுரை

பறவையழகு பற்றிய மிகச் செறிவான பகுதி மலைவழியின் நடுவே வருகின்றது. பூஞ்சோலையில் மயில் எழுந்து ஆலும். மூங்கில் உச்சியில் குரங்குகள் தாவும். செங்குத்தான வரைகளில் தேன்கூடுகள் தூங்கும். இவற்றைக் கண்டாலும் திடுமென நோக்காதீர், அது உங்களுக்கு உரியதன்று. வரிசையாய்ச் செல்லும் மெல்லடிகள் தடுமாறி வழிதப்பும் என்று வழிகூறுவோன் எச்சரிக்கின்றான்.

மயில் அழகற்றது என்றோ, நோக்கத்தகாதது என்றோ இங்குக் கூறப்படவில்லை. அதன் ஈர்ப்பு கால் தவறச் செய்யும் அளவினது என்பதே எச்சரிக்கையின் அடிப்படை. மேலும், தாவும் குரங்குகளுக்கு உவமையாகக் கழைக்கூத்தாடும் கோடியரின் சிறுவர் கூறப்பெறுகின்றனர். கேட்போரும் கூத்தர். தம் தொழிலையே மலை நிகழ்த்திக் காட்டும்போது அவர்கள் கண் அங்குச் செல்லாதிருக்க முடியாது என்பதைப் புலவர் அறிந்திருந்தார். யாழும் முழவும் சுமந்து, விறலியரும் சிறாரும் உடன்வர, ஒற்றையடிப் பாதையில் நடப்போர்க்கு நடத்தலும் நோக்கலும் ஒருங்கே இயலாது. இன்றும் காட்டுப் பறவை நோக்கச் செல்வோர்க்கு முதலில் சொல்லப்படுவது, நின்ற பின் நோக்கு என்பதே.

இதனோடு ஒப்பிடத்தக்கது பேகன் மயிலுக்குப் போர்வை அளித்த செய்தி. தமிழ்க் கல்வியில் கொடைமடத்துக்கு இதுவே நிலைத்த எடுத்துக்காட்டு. ஆயினும் மயிலின் இயல்பு நோக்கில் பேகன் செயல் பிழையுணர்வின்பாற் பட்டது. கார்காலத்தில் தோகை விரித்து அதிரச் செய்தல் ஆண்மயில் பெடையை ஈர்க்கும் செயல், குளிரால் நடுங்குவதன்று. பேகனின் அருள் பாராட்டுக்குரியது, அவன் பறவையறிவு அன்று. நன்னன் நாட்டு வழிகாட்டியோ மயிலுக்கு எதனையும் அளிக்கவில்லை. அது எப்பொழுது எழும், எவ்விடத்து ஆலும், காண்போரை என்ன செய்யும் என்பதை அறிந்திருக்கின்றான். இலக்கிய வரலாறுகள் முன்னதை விரித்த அளவிற்குப் பின்னதைப் பேசாமை வியப்பிற்குரியது.

அரண்மனை முற்றத்துக் கானக்கோழி

நூலின் பிற்பகுதியில் நன்னனின் வாயில்முற்றம் காட்டப்பெறுகின்றது. மலைமக்கள் கொணர்ந்த கையுறைகள் அங்குக் குவிந்துள்ளன. கரடிக்குட்டி, வருடைக் கிடாய், கீரி, மரையான் கன்று, உடும்பு ஆகியவற்றை அடுத்து மஞ்ஞையும் கானக்கோழிச் சேவலும் இடம்பெறுகின்றன. அதன்பின் பலாப்பழம் முதலான விளைபொருள்கள் தொடர்கின்றன. பறவைகள் இங்கே பிடிபட்டவை, திறைப்பொருள்கள். எனினும் புலவர் அவற்றுக்குத் தரும் அடைமொழிகள் முற்றத்தைச் சார்ந்தவை அல்ல. மயில் மலைச்சரிவில் பொலிந்து நடப்பதாகவும், சேவல் கவர்குரல் உடையதாகவுமே சொல்லப்படுகின்றன. கட்டுண்ட பறவை காட்டில் எவ்வாறு வாழ்ந்ததோ அவ்வாறே பெயர்பெறுகின்றது. அதனைப் பிடித்துக் கொணர்ந்தவனின் அறிவே அவ்வடைமொழியில் பேசுகின்றது எனலாம்.

கானக்கோழி குறித்துச் சற்று விரித்துரைத்தல் தகும். இச்சேவலுக்குக் கவர்குரல் என்னும் அதே அடையைத் தரும் குறுந்தொகை 242ஆம் பாடல், அதன் கழுத்தில் ஒளிரும் புள்ளிகள் இருப்பதையும் சுட்டுகின்றது. இந்தியாவில் இயற்கையாக வாழும் காட்டுக்கோழிகள் இரண்டு. செங்காட்டுக்கோழி வடக்கிலும் வடகிழக்கிலும், நடு இந்தியாவில் கோதாவரி அளவிலும் பரவியது. அதன் கழுத்து ஒரே வகையான செம்பொன் நிறம். தென்னிந்தியக் காடுகளுக்குரிய சாம்பல்நிறக் காட்டுக்கோழியின் சேவலுக்கு மட்டுமே கழுத்திறகுகளின் நுனியில் மெழுகு உறைந்தாற்போன்ற மஞ்சள், வெண்புள்ளிகள் உண்டு. ஆகவே சங்கப் புலவர் கண்டது இப்பறவையே என்பதில் ஐயமில்லை. குரலும் இதற்குத் துணை நிற்கின்றது. வீட்டுச்சேவல் கூவலின் இறுதியை நீட்டுவது. சாம்பல்நிறக் கோழியின் கூவல் துண்டுதுண்டாக முறிந்து ஒலிப்பது. கவர் என்பதற்குப் பிளவு, கிளை என்றும், உள்ளத்தைக் கவர்தல் என்றும் பொருள்கொள்ள இடமுண்டு. இயல்பை நோக்கின் முதற்பொருளே சிறக்கும்.

பி.எல்.சாமி 1976இல் வெளியிட்ட சங்க இலக்கியத்தில் புள்ளின விளக்கம் என்னும் நூல் இத்தகைய இனங்காணலுக்கு முறையான அடித்தளம் இட்டது. அவர் வழியில் வந்த ஆய்வுகள் பெரும்பாலும் எந்தப் பெயர் எந்தப் பறவைக்குரியது என்பதோடு நின்றுவிட்டன. பறவையை அறிந்தவர் யார் என்ற வினா அரிதாகவே எழுப்பப்பட்டது.

இவ்வட்டாரத்தில் மனிதருக்கும் விலங்குகளுக்கும் இருந்த நெருக்கத்துக்குக் கல்லிலும் சான்றுண்டு. செங்கம் நடுகற்கள் 1972இல் இரா.நாகசாமி பதிப்பித்த தொகுப்பால் பரவலாக அறியப்பட்டன. எடுத்தனூர்க் கல்லில் வீரனுடன் அவன் நாயும் இடம்பெறுகின்றது. அண்டையிலுள்ள விழுப்புரம் மாவட்டத்து அரசலாபுரத்தில் போரிட்ட சேவலுக்கே நடுகல் எடுக்கப்பட்டுள்ளது. அது வளர்ப்புச் சேவல், காட்டுப்பறவையன்று. எனினும் பெயர் சொல்லிக் கல் நடும் அளவிற்கு ஒரு பறவை தனித்து அறியப்பட்டது என்பதற்காக இங்குக் குறிக்கப்பட்டது.

பதிவேட்டுக்குள் வந்த பறவைகள்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பறவையறிவு அச்சேறியபோது அதன் மொழியும் உரிமையாளரும் மாறினர். முன்னோட்டமாக 1782இல் பியர் சொனரா என்னும் பிரெஞ்சுப் பயணி தம் கீழைநாட்டுப் பயண நூலை வெளியிட்டார். சாம்பல்நிறக் காட்டுக்கோழிக்கு 1813இல் தெம்மிங்க் அவர் பெயரையே அறிவியல் பெயராக இட்டார். குறுந்தொகையில் கழுத்துப்புள்ளியால் அடையாளம் பெற்ற பறவை உலக அறிவியலில் ஒரு பிரெஞ்சுக்காரரின் பெயரைச் சுமக்கலாயிற்று. அதே கழுத்திறகுகள் பிரித்தானியத் தூண்டில் மீன்பிடிப்போர் செய்த போலி ஈக்களுக்குத் தேவைப்பட்டமையால், அழகே அச்சேவலுக்குக் கேடாகவும் முடிந்தது.

சென்னை மாகாணப் படைமருத்துவர் தாமஸ் கேவர்ஹில் ஜெர்டன் (1811–1872) தென்னிந்தியப் பறவைகளின் பட்டியலை 1839 முதல் சென்னை இலக்கிய அறிவியல் இதழில் வெளியிட்டார். 1843–1847இல் வந்த அவருடைய பறவைப் பட நூலுக்கு இந்திய ஓவியர்கள் வரைந்தனர். 1862–1864இல் வெளிவந்த இந்தியப் பறவைகள் நூலில் அறிவியல் பெயருடன் தமிழ், தெலுங்குப் பெயர்களையும் அவர் குறித்துச் சென்றார். இப்பெயர்களை அவருக்குச் சொன்னவர் உள்நாட்டு மக்களே. ஒவ்வொரு பெயருக்குப் பின்னும் பறவையைப் பிடித்தோ, விரட்டியோ, குரல் கேட்டோ பழகிய ஒருவர் நிற்கின்றார். நூலில் அவர் இல்லை.

இவ்வறிவின் மதிப்பை ஜெர்டன் பெயர் தாங்கிய பறவையே மெய்ப்பித்தது. 1848இல் அறிவியலுக்கு விவரிக்கப்பட்ட அச்சிறு பறவை, 1900க்குப் பின் எவர் கண்ணிலும் படாமல் அழிந்ததாகவே கருதப்பட்டது. சவ்வாது மலையை உள்ளடக்கிய கிழக்குத் தொடர்ச்சி மலைகளில், ஆந்திரத்தின் கடப்பை மாவட்டப் புதர்க்காட்டில், 1986இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் தேடலின்போது அது மீண்டும் கிடைத்தது. இரவில் விளக்கொளியில் அதனைப் பிடித்தவர் உள்ளூர் மனிதர் ஒருவர். இடையில் 1929–1930இல் நிகழ்ந்த வெர்னே அறிவியல் அளவாய்வு கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் பறவைகளை முறையாகத் தொகுத்தும் இப்பறவையைக் காணவில்லை என்பதனையும் இங்கு இணைத்துக் காணவேண்டும்.

ஏரிக்கரை உடன்படிக்கை

மலையடிவாரத்தினின்று சமவெளிக்கு வரின் வேறொரு வகையான பறவையறிவு புலப்படும். போளூருக்கு நேர்கிழக்கே ஏறத்தாழ 80 கி.மீ. தொலைவில் வேடந்தாங்கல் ஏரி உள்ளது. பெயரே அதன் பழைய வரலாற்றைக் காட்டுகின்றது: வேடர் தங்கிய இடம். நாரை, கொக்கு, நீர்க்காகம், கரண்டிவாயன் முதலியன கூடுகட்டும் 30 ஹெக்டேர் அளவிலான இச்சிற்றேரியின் நீர், பறவை எச்சத்தால் வளம்பெற்று வயல்களுக்கு உரமாகின்றது என்பதை ஊரார் அறிந்திருந்தனர். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில், படைவீரர் பறவைகளைச் சுட்டபோது, அதனைத் தடுக்கும் உரிமைச்சீட்டைச் செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த லயனல் பிளேசிடமிருந்து பெற்றனர். 1858இல் அவ்வுரிமை புதுப்பிக்கப்பட்டது. அரசு காட்டுயிர்க் காப்பினைக் கொள்கையாக ஏற்பதற்கு நெடுநாள் முன்பே நிகழ்ந்த செயல் இது.

ஊரார் காத்தது உரத்திற்காகத்தானே, அழகிற்காக அன்றே என்று கேட்கப்படலாம். இவ்விரண்டையும் எதிர்நிலைகளாகக் கொள்வதே வினாவின் குறை. எச்சம் உரமாகும் என்று அறிவதற்கு, பறவை எப்பொழுது வரும், எம்மரத்தில் கூடு கட்டும், குஞ்சு பறக்க எத்தனை நாளாகும் என்பனவெல்லாம் தலைமுறையாக நோக்கப்பட்டிருக்கவேண்டும். அத்தனை நாள் நோக்கியவர்க்கு அழகு மட்டும் புலப்படாது போயிற்று எனக் கருத எவ்வகைச் சான்றும் இல்லை. 2022இல் வேடந்தாங்கலும் அதன் அருகிலுள்ள கரிக்கிலியும் ராம்சர் ஈரநிலங்களாக ஏற்கப்பட்டன.

சட்டமும் அறிவின் இழப்பும்

1972ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும், வேட்டையைப் பெரும்பாலும் முற்றாகத் தடைசெய்த அதன் 1991ஆம் ஆண்டுத் திருத்தமும் இல்லையெனில் பல இனங்கள் இன்று இருந்திரா. இதில் கருத்து வேறுபாட்டிற்கு இடமில்லை. ஆயினும் சட்டம் பறவையைக் காத்த அதே வேளையில், பறவையறிவைத் தொழிலாகக் கொண்டிருந்த மக்களைக் குற்றவாளிகளின் நிலைக்குத் தள்ளியது. கூண்டுக் கௌதாரியைக் கூவவிட்டு அதன் குரலுக்கு வரும் காட்டுக் கௌதாரியைக் கண்ணியில் சிக்கவைக்கும் முறை, அப்பறவை தன் எல்லையை எவ்வாறு காக்கும் என்பதை நுட்பமாக அறிந்ததன் விளைவு. நரிக்குறவர் போன்ற சமூகத்தார் இத்தொழிலைக் கைவிட்டு ஊசி, பாசிமணி விற்பனைக்கு மாறினர். 2023இல்தான் அவர்கள் தமிழ்நாட்டின் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கப்பட்டனர். அவர்களுடைய பறவைப் பெயர்கள், குரல் போலிமைகள், கண்ணிவகைகள் ஆகியன போதிய அளவில் தொகுக்கப்படவில்லை. மூத்த தலைமுறையோடு அவை மறையும் நிலையில் உள்ளன. சவ்வாது மலைவாழ் மலையாளிப் பழங்குடியினரின் வழக்காறுகளுக்கும் இது பொருந்தும்.

மறுபுறம் மயிலின் நிலை தலைகீழாகியுள்ளது. 1963இல் நாட்டுப் பறவையாக அறிவிக்கப்பட்டுச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்ற மயில், அண்மைப் பதிற்றாண்டுகளில் தமிழ்நாட்டின் சமவெளிகள் எங்கும் பெருகியுள்ளது. நெல்லும் நிலக்கடலையும் விளையும் நிலங்களில் உழவர்க்கு அது இன்று இழப்பை விளைக்கும் பறவை. ஆரணிப் பட்டின் முந்தானையில் மயிலை நெய்யும் வட்டாரமே வயலில் அதனை விரட்டவேண்டியுள்ளது. சங்கக் குறிஞ்சிப் பாடல்கள் தினைப்புனம் காக்கும் மகளிர்க்குத் தட்டை, குளிர் முதலான ஓசைக்கருவிகளைத் தந்தன. பறவையைக் கொல்லாது பயிரைக் காக்கும் தொழில் அது. ஆள்வைத்துப் புனங்காத்தல் பொருளாதார முறையில் இயலாத இக்காலத்தில், அவ்விடத்தை எது நிரப்பும் என்பதற்கு வனத்துறையிடமும் வேளாண்துறையிடமும் நிறைவான விடை இல்லை. நச்சிட்ட தானியமே சில இடங்களில் விடையாகிவிடுகின்றது.

2015 முதல் ஆண்டுதோறும் பொங்கல் நாள்களில் தமிழ்நாட்டின் பறவை ஆர்வலர்கள் நடத்திவரும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு, இவ்வறிவு பொதுமக்களிடையே வேறு வடிவில் மீள்வதைக் காட்டுகின்றது. இத்தகைய கணக்கெடுப்புகளில் பறவையைக் காணவேண்டும் என்பதில்லை. குரலால் ஐயமற இனங்கண்டாலும் பதிவு ஏற்கப்படும். அடர்புதரைவிட்டு எளிதில் வெளிவராத சாம்பல்நிறக் காட்டுக்கோழி பெரும்பாலும் கண்ணுக்கு முன்னர்ச் செவிக்கே அகப்படுகின்றது. மலையடிவாரத்தில் விடியற்பொழுதில் நிற்பவர், முறிந்து முறிந்து எழும் அதன் கூவலைக் கேட்டே பட்டியலில் அதன் பெயரைக் குறித்துக்கொள்கின்றார்.